சக்கரத்துக்கு வைத்த கல்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இதில் நான் நல்லவளாக வரமாட்டேன். இட்டுக்கட்டிச் சொல்கிறவள் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வாளா? அதற்காகவாவது இது நடந்தது என்று நம்புங்கள். இத்தனை வருஷம் நான் வாயைத் திறக்காமல் இருந்தது பேய்க்குப் பயந்து அல்ல. வெட்கத்துக்குப் பயந்து.

பத்தொன்பது வருஷம் ஆகிறது. அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. என் வீட்டுக்காரருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து எங்கள் பழைய வெள்ளைக் கார் என் கைக்கு வந்திருந்தது. நாற்பத்தெட்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். அதனாலேயே கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயில் கம்பியை இழுத்துப் பார்ப்பேன், ரேடியேட்டர் தண்ணீர் பார்ப்பேன், ஸ்டெப்னி உட்பட ஐந்து சக்கரத்துக்கும் காற்று பார்ப்பேன். டிக்கியில் ஜாக்கி, ஸ்பேனர், டார்ச், கயிறு, தண்ணீர் கேன் எல்லாம் அததன் இடத்தில் இருக்கும். தெருவில் யார் வண்டி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் என்னை "டிரைவரம்மா" என்றுதான் அழைப்பார். வாங்க போங்க என்று வேண்டுமென்றே மரியாதை கொடுத்து வம்பிழுப்பார்.

ஒன்றே ஒன்று மட்டும் அன்றைக்கு டிக்கியில் இல்லை. சரிவில் நின்றால் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க ஒரு ஆப்புக்கட்டை வைத்திருந்தேன். சமையலறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்கிறதென்று அதை எடுத்துக் கதவுக்கு வைத்தேன். திரும்ப எடுத்து வைக்க மறந்துவிட்டேன்.

அன்று வியாழக்கிழமை. என் நாத்தனார் மகளுக்கு மத்தியானம் ஆண் குழந்தை பிறந்திருந்தது. மலை மேல் இருந்த ஆஸ்பத்திரி. மாலை ஏழரைக்கு மேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். முன்னால் நாத்தனார், பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வீட்டுக்காரர், ஸ்டியரிங்கில் நான்.

6.25. மேட்டு வளைவில் ஏறும்போது முன்பக்கம், ஓரத்துச் சக்கரம், தட... தட... தட... என்று அடித்தது. பஞ்சர்.

பதறவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கியரில் போட்டேன். விளக்குகளை மினுக்க விட்டேன். இரண்டு பேரையும் இறக்கி ஓரத்துக் கட்டைச்சுவரில் உட்காரவைத்தேன். ஆப்புக்கட்டை இல்லை. சரிவிலிருந்து ஒரு கல்லைத் தேடிப் பிடித்தேன். கைக்குழந்தை அளவு இருக்கும். கறுப்புக் கல், குறுக்கே பட்டையாக ஒரு வெள்ளைக் கோடு. நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தேன்.

"என்ன, பேரனைத் தூக்கறதுக்கு இங்கயே ஒத்திகையா?" என்றார் நாத்தனார்.

"பேரன் அழுவான் அண்ணி. இது அழாது."

ரோட்டுப் பக்கத்துப் பின் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை நெருக்கி வைத்தேன். பிறகுதான் நட்டைத் தளர்த்தினேன். அப்புறம் ஜாக்கி.

"போறவன் வர்றவன்லாம் என்னையே முறைக்கிறான். ஒரு நட்டையாவது என்கிட்ட குடுங்க, டிரைவரம்மா" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. அதுவே பெரிய உதவி."

ஸ்டெப்னியை மாட்டி முடித்தபோது 6.51. தூறல் போட்டது. இருட்டிக்கொண்டு வந்தது. இருவரும் ஏறினார்கள். நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்தபடி "சீக்கிரம் எடு, சீக்கிரம் எடு" என்றார். எடுத்தேன்.

இருபதடி போயிருப்பேன். கண்ணாடியில் பார்த்தேன்.

ரோட்டின் நடுவாக்கில் அந்தக் கல். வெள்ளைக் கோடு மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் நான் பார்த்தேன், கண்ணுகளா. பார்த்துவிட்டுத்தான் போனேன். மேட்டில் மறுபடி நிறுத்தி மறுபடி எடுப்பது எனக்கு எப்போதும் உதறல். மழை வேறு. நேரம் வேறு. யாராவது எடுத்துப் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

6.52. பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. தணிந்த, கரகரத்த குரல்.

"கல்லை எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்" என்றேன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

நாத்தனார் திரும்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

7.24-க்கு ஆஸ்பத்திரி. குழந்தையைப் பார்த்தோம். கல்லை மறந்தேன்.

அவர்கள் இருவரும் மேலேயே தங்கிவிட, மறுநாள் காலையில் நான் மட்டும் வேலைக்குத் திரும்பினேன். வளைவில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். கல் இல்லை. அப்பாடா என்றிருந்தது. ரோட்டில் கண்ணாடிச் சில்லுகள் கிடந்தன. என் டயருக்கு ஆகாதே என்று ஒதுங்கிப் போனேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை மாலை, அவர்களைக் கூட்டிவர மறுபடி மேலே கிளம்பினேன். தனியாக. காலையிலேயே தண்ணீர், ஆயில் எல்லாம் பார்த்தாயிற்று. ஆப்புக்கட்டையும் டிக்கியில் இருந்தது. இரண்டு நாளாக மழை இல்லை. ரோடு காய்ந்து கிடந்தது.

6.43. சூடு காட்டுகிற முள் மளமளவென்று சிவப்புக்கு ஏறியது. பானெட்டிலிருந்து புகை. ஓரம் கட்டினேன். நிமிர்ந்து பார்த்தால்... அதே வளைவு. அதே கட்டைச்சுவர்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பிடித்தது. பிறகு மெதுவாக விட்டது. கியரில் போட்டும் வண்டி பின்னால் நழுவத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தேன். இறங்கினால்தான் டிக்கியிலிருந்து கட்டையை எடுக்கலாம். காலை எடுத்தால் வண்டி போய்விடும்.

டொக்.

பின் சக்கரத்தில் ஏதோ முட்டியது. வண்டி நின்றது.

"கல்லு வெச்சிருக்கேன் அக்கா. பயப்படாம இறங்குங்க."

இறங்கினேன். பின் சக்கரத்தருகே ஒருவர் குந்தியிருந்தார். மழைக்கோட்டு. ஹெல்மெட். அதன் முகக்கண்ணாடி மூடியிருந்தது. பைக்கில் வந்தவர் என்று நினைத்தேன். பைக்கைக் காணவில்லை.

"நல்ல சமயத்துல வந்தீங்க தம்பி" என்றேன்.

பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் மூடியில் துணியை வைத்தேன்.

"இப்பத் திறக்காதீங்க அக்கா. ஆவி அடிக்கும்."

எனக்குத் தெரியாததா? பதற்றத்தில் நானே தப்புச் செய்யப் போனேன். அவர் சொன்னதுதான் சரி. ஆவி என்ற வார்த்தை அப்போது எனக்கு உறைக்கவில்லை. இப்போது சிரித்துக்கொள்ளலாம். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

சூடு ஆறக் காத்திருந்தேன். அவர் அந்தச் சக்கரத்தை விட்டு நகரவே இல்லை. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்... அவர் காலடியில் மட்டும் ரோடு ஈரமாக இருந்தது.

மழைதான் இல்லையே.

ஹெல்மெட் கண்ணாடியிலும் முத்து முத்தாகத் துளிகள். உள்ளே முகம் தெரியவில்லை. மூடிய கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அந்தத் தணிந்த, கரகரத்த குரல் மட்டும் பக்கத்தில் பேசுவது போலக் கேட்டது.

7.10. மேலேயிருந்து லாரி இறங்குகிற சத்தம். ஹாரன். கிறீச்ச்... என்று பிரேக்.

நான் கட்டைச்சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

சத்தம் எங்களைத் தாண்டிப் போனது.

லாரி வரவில்லை.

அவர் எழுந்து நின்றார்.

"அக்கா."

"ம்?"

"கல்லை எடுத்துட்டீங்களா?"

"எந்தக் கல்லு?"

"அன்னிக்கு வெச்சது."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். கேட்டது யார் என்று அப்போது எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. அப்போதும் என் வாயிலிருந்து வந்தது அதே சொல்தான்.

"எடுத்துட்டேன்."

சொட்... சொட்...

"அப்ப சரி. கிளம்புங்க அக்கா. இதை நான் எடுத்துடறேன்."

ஏறினேன். சாவியைத் திருப்பினேன். முள் தன் இடத்தில் இருந்தது, ஒன்றுமே நடக்காதது போல.

வண்டி நகர்ந்தது.

கண்ணாடியில் பார்த்தேன்.

நடு ரோட்டில் நின்றார். கல்லை நெஞ்சோடு அணைத்திருந்தார். பிள்ளையைப் போல.

வெள்ளைக் கோடு.

மேடு முடிகிற இடத்தில் ஒரு பஞ்சர் கடை. ஓட்டையான பழைய டயர் அங்கே கொடுப்பதற்காகத்தான் டிக்கியில் கிடந்தது. விளக்கு வெளிச்சத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார்.

"தண்ணி ஃபுல்லா இருக்கு, ஃபேன் ஓடுது. எங்கம்மா சூடாச்சு?"

"கீழ வளைவுல."

அவர் கை நின்றது. "அங்கயா நின்னீங்க? தனியாவா?"

"ஏன்?"

"வியாழக்கிழமை சாயங்காலம் அங்க ஒருத்தர் போயிட்டாரும்மா. இதோ, கடைக்குப் பின்னால மூணாவது வீடு. வேலை முடிஞ்சு பைக்ல வந்திருக்காரு. நடு ரோட்டுல கல்லு. மத்தவங்க மாதிரி ஒதுங்கிப் போயிருக்கலாம். அந்த மனுஷன் பைக்க ஓரமா நிறுத்திட்டு, யாராவது விழுந்துடப் போறாங்கன்னு அதைத் தூக்கிட்டு வந்திருக்காரு. மேலேர்ந்து லாரி... பின்னால வந்த பால் வண்டிக்காரர் பார்த்துட்டு ஏழு பதினொண்ணுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாராம். ஒரு நிமிஷம் முன்னாடி அடிச்சிருக்கு. கல்லு கையில அப்படியே இருந்துச்சு. பிரிச்சு எடுக்க ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சு."

கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"போலீஸ்காரங்க அந்தக் கல்லைக் கொண்டு போய் ஸ்டேஷன்ல வெச்சிருக்காங்க. அவரு சம்சாரம் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் ஒண்ணையேதான் கேக்குது, அந்தக் கல்லை வெச்சது யாருன்னு. எவனோ லாரிக்காரனாத்தான் இருக்கும். சக்கரத்துக்கு வெச்சுட்டு அப்படியே விட்டுட்டுப் போயிருக்கான், படுபாவி."

எவனோ. போயிருக்கான். படுபாவி. அந்த 'ன்'னுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன், கண்ணுகளா. ஒளிந்துகொண்டதோடு நிற்கவில்லை.

"ஆமாங்க" என்றேன். "மனசாட்சி இல்லாதவன்."

என் குரலை நானே கேட்டேன்.

டயரை ஒட்டி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி போனேன். வாசலில், சமதளத்தில் வண்டியை நிறுத்தினேன். ஏழரை தாண்டியிருந்தது, கூட்டிப்போகத்தான் வந்தேன் என்று கெஞ்சி உள்ளே போனேன். கால் மணி நேரத்தில் எல்லோரும் இறங்கி வந்தோம். வீட்டுக்காரர் தடியை ஊன்றிக்கொண்டு வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"சமதளத்துல எதுக்குங்க கல்லு, டிரைவரம்மா?"

பின் சக்கரத்துக்குப் பின்னால், நெருக்கி வைக்கப்பட்டு, வெள்ளைக் கோடு போட்ட கல். போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிற கல்.

நான் அதை எடுத்தேன். ஐஸாகச் சில்லிட்டிருந்தது. ஈரமாக இருந்தது. ஓரத்தில், சுவரடியில் கொண்டு போய் வைத்தேன். அன்றைக்காவது எடுத்தேன்.

அந்த மூன்றாவது வீட்டுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை தெருமுனையிலேயே திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை கேட்டில் கை வைத்தேன். உள்ளே ஒரு பெண் துணி மடித்துக்கொண்டிருந்தார். "யாருங்க? யார் வேணும்?" என்று எழுந்து வந்தார். "வீடு மாறி வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அதுவும் ஒரு பொய். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் படுத்த படுக்கையானார். அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அழுதேன்.

"உங்ககிட்டயும் பொய் சொன்னேன். அன்னிக்கு வண்டியில நீங்க கேட்டீங்கல்ல, கல்லை எடுத்துட்டீங்களான்னு கிண்டலா..."

அவர் என்னையே பார்த்தார்.

"நானா? நான் எப்பக் கேட்டேன்? வலி மாத்திரையைப் போட்டுட்டு ஏறுனதும் தூங்கிட்டேனே. ஆஸ்பத்திரி வாசல்ல நீதான எழுப்புன?"

நாத்தனாருக்கு போன் போட்டேன். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"அவன் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தான். நீதான் திடீர்னு 'எடுத்துட்டேன்'னு சொன்னே. யார்கிட்ட பேசறியோன்னு திரும்பிப் பாத்தேன்."

நான் அந்தக் குரலைக் கேட்டது 6.52-க்கு. லாரி அடித்தது 7.10-க்கு.

கேட்டது அந்த மழைக்கோட்டுக்காரர் குரல்தான். ஆனால் அப்போது அவர் சாகவில்லை. எங்கோ கீழே, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

பதினெட்டு நிமிஷம் இருந்தது.

வண்டியைத் திருப்பி, கீழே போய், அந்தக் கல்லை ஓரத்தில் தூக்கிப் போட... நாலு நிமிஷம் போதும், கண்ணுகளா.