முதுகுக் கூடை

மூங்கிலைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். கத்தி கணுவில் இறங்கியது. மணிக்கட்டு ஒரு நெளிப்பு நெளிந்தது. பிளாச்சு இரண்டாக விரிந்தது. ஓரத்துச் சிலாம்பைக் கத்தியின் முதுகால் வழித்துத் தொடையில் தேய்த்துப் பார்த்தன அந்தக் கைகள். கீறவில்லை. ஆனாலும் இன்னொரு முறை வழித்தன. இந்தக் கூடையில் உட்காரப் போகிறவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. சிலாம்பு ஏறினாலும் அவனுக்குத் தெரியாது. புண்ணாகிச் சீழ் வைத்த பிறகு, மற்றவர்களுக்குத்தான் நாற்றத்தில் தெரியும்.

கைகள் குப்பம்மாவுடையவை. கூடை பின்ன அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷம், கிழிந்த கூடை ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். திரும்பப் பின்ன வரவில்லை. பிரித்தாள், பின்னினாள், மறுபடி பிரித்தாள். "இது இன்னா கூடையா, கோழி கலைச்ச கூடா?" என்று மாமியார் கேட்டபோதும் கை நிற்கவில்லை. இப்போது சுற்றுப்பட்ட மலையூர்களில் தானியக் கூடை வேண்டுமென்றால் அவளிடம்தான் வருகிறார்கள். ஆனால் ஆளைச் சுமக்கும் கூடை அவள் பின்னியதில்லை. அப்படி ஒன்றை அவள் பார்த்ததும் இல்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் பங்குனியில் அவள் புருஷன் வேடியப்பன் புளி உலுக்க ஏறி, கிளையோடு விழுந்தான். பச்சிலைக் கட்டு, எண்ணெய், பூசாரி எல்லாம் பார்த்தாயிற்று. கால் அசையவில்லை. முதுகுக்குக் கீழே ஒரு புண் மட்டும் நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டு வந்தது. புளி வாங்க வாணியம்பாடியிலிருந்து வரும் ரஹ்மான் பாய் ஐப்பசியில் இந்தப் பக்கம் வந்தபோது புண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்குதும்மா. கால் வருமான்னு தெரியாது. இந்தப் புண்ணுல ஆளு போவாம பாத்துக்குவாங்க. சீக்கிரம் கொண்டு போங்க."

போகும்போது தம்முடைய பட்டாளத்துக் கான்வாஸ் பையையும் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

கொண்டு போவது எப்படி? மலையிலிருந்து கண்ணமங்கலம் இறங்கினால்தான் வேலூர் பஸ். வழியில் ஒரு ராத்திரி காட்டில் தங்க வேண்டும். போர்வையில் படுக்க வைத்து, மூங்கிலில் கட்டி, ஆளுக்கொரு பக்கம் தூக்கலாம் என்றார்கள். வேடியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த ஊரில் அப்படித் தூக்கிப் போவது பிணத்தைத்தான். "மூங்கில்ல கட்டுனா நான் வரமாட்டேன்," என்றான். குப்பம்மாவின் தம்பி கோபால்சாமி, "அப்ப என் முதுகுல வா மாமா," என்றான். அதற்குத்தான் இந்தக் கூடை. தூக்குகிறவனும் உட்காருகிறவனும் முதுகோடு முதுகு ஒட்டி, ஆளுக்கொரு திசை பார்த்துப் போக வேண்டும்.

புருஷன் உடம்பை அவள் அளக்கவில்லை. படுத்திருப்பவனைக் கயிறு போட்டு அளப்பது குழி வெட்டுவதற்குத்தான். அளப்பானேன்? அவன் இடுப்பு அவளுக்குத் தெரியாதா? புளி மூட்டையோடு வந்தால் கதவில் ஒருக்களித்துத்தான் நுழைவான். அந்த அகலத்தை மனசில் வைத்துப் பின்னினாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில் கோபால்சாமி வந்தான். முற்றத்தில் அவள் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இன்னாக்கா, குடி போறோமா?"

கேழ்வரகு மாவு, சாமையரிசி, மூங்கில் குழாயில் உப்பு, மெழுகுத் துணியில் சுற்றிய தீப்பெட்டி, தண்ணீருக்குச் சுரைக்குடுக்கை, கம்பளி, சின்னப் பானை, புண்ணுக்கு வேப்பெண்ணெயும் பழந்துணியும், ஒரு புது வேட்டி.

"வேட்டி எதுக்கு?"

"டாக்டரு முன்னால கிழிசலோட போவாரா?"

"மாமாவே ஒரு மூட்டை. அதுக்கு மேல பானையா? காட்டுல கல்லு சூடு பண்ணி அதுல ரொட்டி சுட்டுக்கிறேன்." பானையை ஒதுக்கினான். கம்பளியை ஒதுக்கினான். அரிசியைக் கொட்டச் சொன்னான். "சரிவுல கால் வழுக்குனா ரெண்டு பேரும் போய்ச் சேருவோம். தீப்பெட்டி, உப்பு, மாவு, தண்ணி, எண்ணெ. அவ்ளோதான்."

அவள் கம்பளியை மடித்து உள்ளே கொண்டு போய் வைத்தாள். கார்த்திகைப் பனி. கீழே உணர்ச்சி இல்லாதவனுக்குக் குளிரும் தெரியாதோ என்னவோ.

கூடை முடிந்ததும் உட்கார வைத்துப் பார்த்தார்கள். வேடியப்பனுக்கு வாய் மட்டும் அப்படியேதான் இருந்தது.

"உங்க வூட்ல சீரே செய்யலன்னு எங்கம்மா சாவுற வரைக்கும் சொல்லிக்கினு இருந்தா. இப்ப மச்சான் முதுகையே குடுத்துட்டான்."

"வழில உதைக்கக் கூடாது, மாமா."

"உதைக்கிற காலா இருந்தா உன் முதுகு எனக்கு எதுக்குடா?"

கோபால்சாமி சிரித்துக்கொண்டே தூக்கினான். எழுந்து நின்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. பின்னால் வேடியப்பன் ஒரு பக்கமாகச் சரிந்தான். கூடைக்கும் இடுப்புக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கை நுழைகிற அளவு இடைவெளி. கோபால்சாமி ஒரு அடி வைத்தான். வேடியப்பன் மறு பக்கம் சரிந்தான். மெதுவாக இறக்கி வைத்தார்கள்.

குப்பம்மா கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவில் ஒருக்களித்து நுழைந்தவனுக்குப் பின்னியிருக்கிறாள். அவன் எப்போதோ போய்விட்டான். தினம் துடைக்கிறாள், புரட்டுகிறாள், புண் கழுவுகிறாள். எலும்பு கைக்குத் தட்டுப்படத்தான் செய்தது. ஆனாலும் பின்ன உட்கார்ந்தபோது கை பழைய ஆளுக்கே பின்னிவிட்டது.

"துணிய வெச்சி அடைச்சிக்கலாம்," என்றாள்.

"சரிவுல நழுவுங்க்கா," என்றான் தம்பி.

வேடியப்பன் பாயில் கிடந்தபடி, "கயிறு எடு. அள," என்றான்.

"மாட்டேன்."

"குப்பு."

"உன்னைப் படுக்க வெச்சி நான் அளக்க மாட்டேன். வேற இன்னா சொன்னாலும் செய்றேன்."

அவன் கூரை மோட்டை நிமிர்ந்து பார்த்தான். புரண்டு படுப்பதற்காக உத்திரத்திலிருந்து ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். அதை எட்டிப் பிடித்தான். உட்கார்ந்தான். கை மாற்றிக் கை மேலே போயிற்று. கோபால்சாமி ஓடி வந்தான். "யாரும் புடிக்காதீங்க!" என்று கத்தினான் வேடியப்பன். கடைசியில் உத்திரத்தையே இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். கால்கள் இரண்டும் தரையில் துணி மாதிரி கிடந்தன. உடம்பு மட்டும் செங்குத்தாக இருந்தது. புஜம் வெடவெடவென்று ஆடியது.

"நின்னுக்கினு கீறேன். இப்ப அள."

அவள் ஓடிப்போய்க் கற்றாழை நார்க் கயிற்றைக் கொண்டுவந்தாள். இடுப்பைச் சுற்றிப் போட்டு முடிச்சிட்டாள். மார்பைச் சுற்றிப் போட்டு இன்னொரு முடிச்சு. கண்ணை முடிச்சிலிருந்து எடுக்கவில்லை. அவன் மூச்சு அவள் உச்சந்தலையில் சூடாக விழுந்தது. "ஆச்சி," என்று அவள் சொன்ன பிறகுதான் கையை விட்டான். இரண்டு பேருமாகத் தாங்கிப் படுக்க வைத்தார்கள்.

கூடையைப் பாதிக்குப் பிரித்தாள். முடிச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி பின்னினாள். சுற்றளவில் ஒரு சாணுக்கு மேல் குறைந்தது. மிஞ்சிய பிளாச்சுகளை நறுக்கிப் போட்டாள். அவை காலடியில் குவிந்தன.

தலை நிமிர்ந்தபோது கோபால்சாமி பையைக் கட்டிக்கொண்டிருந்தான். ஒதுக்கின பானை உள்ளே இருந்தது. கொட்டிய அரிசியை மறுபடி அள்ளிக்கொண்டிருந்தான்.

"பாரம்னு சொன்னியே?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. "தூக்கிப் பாத்தேன்ல. மாமா பாரமே இல்ல," என்றான். பை வாரை இழுத்துப் பார்த்துவிட்டு, "கம்பளியையும் எடுத்துக்கினு வா. இன்னா வெக்கணுமோ வெய்யிக்கா," என்றான்.

அவள் கம்பளியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அழுகை அப்போதுதான் வந்தது. வீட்டுக்குப் பின்னால் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மிச்சத்தைப் பின்னினாள்.

கூடப் போக அவளுக்கு வழியில்லை. சாமை முற்றித் தலை சாய்ந்து நின்றது. இன்னும் நாலு நாள் விட்டால் பன்றிக்குத்தான். அறுக்க வேறு ஆளும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் கூடையின் உட்புறம் முழுக்கக் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். புண் படுகிற இடத்தில் பழஞ்சேலையை நாலாக மடித்துப் போட்டாள். வேடியப்பனை உட்கார வைத்தார்கள். எந்தப் பக்கமும் சரியவில்லை. கூடைக்கு அடியில் பையைக் கட்டினாள். கோபால்சாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாருக்குள் தோளை நுழைத்தான். பாரத்தைத் தாங்கும் பட்டையை அவளே அவன் நெற்றியில் பொருத்தினாள்.

"எழுந்திரு."

கூடையின் அடியை இரண்டு கையாலும் தாங்கி, அவனோடு சேர்ந்து அவளும் எழுந்தாள். புருஷன் முகம் அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

"சாமைய நனைய வுட்றாத," என்றான்.

"உம்." தம்பியின் பக்கம் குரல் கொடுத்தாள். "புடிச்சிக்கினியா?"

"புடிச்சிக்கினேங்க்கா. வுடு."

ஒரு கையை எடுத்தாள். கூடை அசையவில்லை. பிறகு இன்னொரு கையையும் எடுத்தாள்.