நடந்து வருபவர்களுக்கு ஒரு விலை

சரோஜா அக்கா மாரடைப்பில் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி, போன வாரம் ஒரு காலையில் டெலிபோன் ஆபீசில் நான் ஷிப்டு ஏறும்போது வந்தது. சொன்னவர் கே.கே. நகர் வக்கீல் ஒருவர். இரங்கல் கூட்டத்துக்குத் தாமே தலைமை தாங்கப் போவதாகவும் அதே மூச்சில் சொன்னார். அந்தத் துணிச்சலைக் கேட்டதும் எனக்கு வந்த அழுகையும் நின்றுவிட்டது.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நெசவாளர் தெருவில் பிறந்த சௌராஷ்டிரப் பெண். ஆபீசில் எனக்குப் பக்கத்து இருக்கை. எழுபதுகளின் கடைசியில், மேலூர்ப் பக்கம் என் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்கு வந்திருந்தார்கள். தோட்டத்தில் கூலியாட்கள் கத்திரிச் செடிக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் விடியலில் பறித்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டிய காய். ஓரத்தில் ஒரு பாத்தியில் மட்டும் மருந்து படவில்லை.

“அது யாருக்குங்க?” என்று அக்கா கேட்டார்கள்.

“அது வீட்டுக்குத்தா. இது சனத்துக்கு” என்றார் சித்தப்பா.

“சனம்னா யாரு? நான்தான?”

சித்தப்பா சிரித்து மழுப்பினார். சொந்த ரத்தம்தான், ஆனாலும் அந்தச் சிரிப்பை இன்றும் மன்னிக்க முடியவில்லை.

அக்கா அங்கேயே பேசி முடித்தார்கள். “இனிமே மருந்தே வேணாம். பூச்சி தின்னது போக எம்புட்டு மிஞ்சினாலும் நானே எடுத்துக்கிடுறேன். கோணக் காய், ஓட்டக் காய், எல்லாந்தான்.” கமிஷன் மண்டி இடையில் இல்லாததால் சித்தப்பாவுக்கும் கட்டுபடியானது. காயும் கொய்யாவும் பப்பாளியும் மேலூர் பஸ்ஸில் ஏறி, பிறகு ரிக்‌ஷாவில் ஆரப்பாளையம் வந்து சேர்ந்தன. அங்கே ஆபீஸ் நேரம் போக அக்கா நடத்திய ஒரு சின்னக் கடை. வாங்கியவர்கள் ஆலைத் தொழிலாளிகள், தறி நெய்பவர்கள், ரிக்‌ஷாக்காரர்கள். சந்தை விலைக்கு மேல் ஒரு காசு கூடாது என்பது அக்காவின் பிடிவாதம். சுமைக்கூலிக்குச் சொந்தச் சம்பளம் கரைந்தது.

வசதியானவர்கள் குடியிருக்கும் கே.கே. நகருக்கு இது தெரிய வந்தது. மருந்தடிக்காத காய் உடம்புக்கு நல்லது என்று எந்த டாக்டர் சொன்னாரோ, ஸ்கூட்டர்கள் வரிசையாக வந்து நின்றன. அந்த வக்கீல், வரிசையில் நின்றவர்களின் காதுபடவே சொன்னார்:

“மொத்தத்தையும் எங்களுக்கே குடுத்துருங்கம்மா, நல்ல விலை தாரோம். இவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? கல்லத் தின்னாலும் செரிக்கிற உடம்பு.”

படித்த மனிதர். நெற்றியில் திருநீறு வேறு.

அக்கா நிதானமாகச் சொன்னார்கள்: “நல்ல விலை தாரீங்களா சார்? சரி, இன்னையிலருந்து வண்டியில வர்றவங்களுக்கு அந்த விலை. நடந்து வர்றவங்களுக்குப் பழைய விலைதான். யாரா இருந்தாலும் ஆளுக்கு ஒரு கிலோ.”

அந்தக் கூடுதல் விலையில்தான் கடை நிமிர்ந்தது. ஆனால் அடுத்த வாரமே பெரிய மனிதர்கள் லாட்ஜ் சந்துக்குள் ஸ்கூட்டரை ஒளித்துவிட்டு நடந்து வந்தார்கள். வக்கீல் லுங்கி கட்டித் தோளில் துண்டு போட்டு வந்தார். தங்க நிற வாட்ச்சைக் கழற்ற மட்டும் மறந்துவிட்டார். “நடந்து பழகாத உடம்பு சார், மூச்சு வாங்குது பாருங்க. வண்டியிலயே வாங்க” என்றார்கள் அக்கா. கடையே சிரித்தது.

அதன்பிறகு அவர் வரவில்லை. வீட்டுவேலை செய்த பாக்கியத்தை அனுப்பினார்.

“இது உனக்கா, ஐயா வீட்டுக்கா?”

“ஐயா வீட்டுக்குத்தான்க்கா. எங்களுக்கு ரேஷன் அரிசியும் ரசமுந்தான்.”

அக்கா பை நிறையக் காயும் பழமும் போட்டார்கள். “இது உம் பிள்ளைகளுக்கு. ஐயாவ வரச் சொல்லு.”

பாக்கியம் அதை அப்படியே போய்ச் சொன்னாள். அன்றே வேலை போயிற்று. அக்கா நேராகக் கே.கே. நகர் போனார்கள், நானும் கூடப் போனேன். வக்கீல் கேட்டைத் திறக்கவில்லை. “ஒரு பப்பாளிக்காக ஒரு குடும்பத்துச் சோத்துல மண்ணப் போட்டீங்களே, நீங்கல்லாம் கோர்ட்ல எந்த நியாயத்தப் பேசுறீங்க?” என்று கம்பிக்கு வெளியே நின்று கேட்டார்கள். உள்ளே ரேடியோவின் சத்தம் கூடியது. அதுதான் பதில்.

திரும்பும் வழியில் அக்கா அழுதார்கள். “எம் வாய்க்கொழுப்பு. அந்தப் புள்ளைக்கில்ல போச்சு வேலை.” மறுநாளே பாக்கியத்தைக் கடையில் அமர்த்தினார்கள். இத்தனை வருடமும் தராசைப் பிடித்தது அவள்தான்.

இரங்கல் கூட்டத்தில் வக்கீல் பேசினார்: “ஏழைகளுக்காக அம்மா கடை தொடங்கியபோது முதலில் தோள் கொடுத்தவன் அடியேன்.” கைதட்டினார்கள். சிலை வைக்க ஒரு குழு அமைத்தார்கள். உயிரோடு இருந்தவரிடம் ஒரு கிலோ காய்க்கு நியாயமான விலை கொடுக்க மனமில்லாதவர்கள், கல்லுக்குக் கொடுப்பார்களாம்.

மண்டபத்து வாசலில் சித்தப்பா தனியாக நின்றிருந்தார். சந்தைக்காரர்கள் எவ்வளவோ ஆசை காட்டியும், அக்கா பேசி முடித்த அந்த நாளுக்குப் பிறகு அவர் மருந்துக் குப்பியைத் தொடவேயில்லை.

“இனி யாருக்கும்மா காய் அனுப்புறது?” என்று என்னிடம் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் பாக்கியம் சொன்னாள்: “எனக்கு அனுப்புங்க அண்ணே. அதே விலைக்கு.”

இன்று காலை ஆரப்பாளையத்தில் இறங்கினேன். கடை திறந்திருந்தது. ஆலைக்குப் போகிற ஒரு பெண் கூடையிலிருந்து கொய்யா ஒன்றை எடுத்து, கழுவாமல், முந்தானையில்கூடத் துடைக்காமல், அப்படியே ஒரு கடி கடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

போய் வாருங்கள், அக்கா.