திருச்செந்தூர்க் கரையில் வேட்டி காயும் நேரம்

திருச்செந்தூருக்குப் போய் யாராவது டென்ட் போட்டுத் தங்குவார்களா என்று கேட்காதீர்கள். நாயோடு வந்தால் அறை கிடையாது என்று கேட்ட லாட்ஜில் எல்லாம் சொல்லிவிட்டார்கள். எங்கள் பவுனை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

பவுனு ராஜபாளையம் நாய். வெள்ளை வெளேரென்று இருப்பாள், பிறந்ததிலிருந்தே காது கேட்காது. என் கணவர் பேண்டேஜ் துணி கம்பெனியில் சூப்பர்வைசர் என்பதால் வீட்டில் வெள்ளைத் துணிக்குப் பஞ்சமில்லை. அதில் ஒரு துண்டை உயர்த்தி வீசினால் எங்கிருந்தாலும் ஓடி வருவாள். அப்படித்தான் பழக்கியிருந்தோம்.

தை மாதக் கடைசியில் அவருக்கு இரண்டு நாள் லீவு கிடைத்தது. காலை ஐந்து மணிக்கு ராஜபாளையத்தில் வேனை எடுத்தோம். சங்கரன்கோவில், திருநெல்வேலி வழியாக ஏறக்குறைய 145 கிலோமீட்டர். வழியில் இட்லிக்கு நிறுத்தியும் ஒன்பதுக்குள் போய்விட்டோம். ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் டென்ட் போட்டுக்கொள்ள இரவுக்கு முந்நூறு ரூபாய். கிணற்றடியில் குளிக்கலாம்.

ஒருவர் நாயோடு இருக்க மற்றவர் கோயிலுக்குப் போய் வந்தோம். பிறகு அவித்த பனங்கிழங்கை நார் உரித்துத் தின்றுகொண்டு கரையில் சும்மா நடந்தோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வேலையும் இல்லாத பகல் எங்களுக்கு வாய்த்ததில்லை.

மூன்றரை மணிக்குப் பவுனைக் கடலில் குளிப்பாட்டினோம். ஈரக் கழுத்திலிருந்து பெல்ட் நழுவியது. அவள் பாய்ந்துவிட்டாள். நான் பதறவில்லை, பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து வீசினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். ஆனால் வேறு பக்கம் ஓடினாள்.

அப்புறம்தான் கரையைக் கவனித்தேன். கடலில் முங்கி எழுந்தவர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஈர வேட்டியைக் காற்றில் காயவிட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வேட்டி. எல்லோரும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பவுனு ஒவ்வொரு குடும்பமாகப் போய் வாலாட்டினாள். அடுத்த வேட்டி, அடுத்த வேட்டி என்று ரோட்டுப் பக்கம் நெருங்கிக்கொண்டே இருந்தாள். அங்கே வேன்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. எவ்வளவு ஹாரன் அடித்தாலும் அவளுக்குக் கேட்காது. நான் துணியை வீசிக்கொண்டே பின்னால் ஓடினேன்.

"பேரச் சொல்லிச் சத்தம் குடுங்கக்கா," என்றார் பனங்கிழங்கு விற்ற பெண்.

"அதுக்குக் காது கேக்காதும்மா. வெள்ளத் துணிய ஆட்டுனாத்தான் வரும்."

அவர் கரையை ஒரு பார்வை பார்த்தார். "நல்ல எடம் பாத்து வந்தீய போங்க," என்றவர், கூடையை வைத்துவிட்டுக் கத்தினார். "அண்ணாச்சி, எல்லாரும் வேட்டியக் கீழ போடுங்க. செத்த நேரம். வாயில்லா சீவன் ரோட்டுக்குப் போவுது."

பக்கத்தில் இருந்தவர்கள் போட்டார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள். பாதி காய்ந்த வேட்டிகள் மணலில் விழுந்தன. என் கணவர் என்னைத் தோளைப் பிடித்து மணல்மேட்டில் ஏற்றிவிட்டார். "வீசுட்டி, விடாம வீசு," என்றார். கரை முழுவதிலும் என் துணி மட்டும்தான் ஆடியது.

பவுனு நின்றாள், திரும்பினாள். நாலு கால் பாய்ச்சலில் வந்து என்மேல் விழுந்தாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாகக்கூட இல்லை. வேட்டி மணலான பெரியவர் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அலசுனாப் போச்சு தாயி," என்று மறுபடி கடலுக்குள் இறங்கினார். பனங்கிழங்குப் பெண்ணுக்கு நான் கொடுக்க முடிந்தது, கொண்டுபோயிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மட்டும்தான்.

நாயோடு போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கழுத்துப் பெல்ட்டை நம்பாதீர்கள், உடம்போடு மாட்டும் வார் வாங்குங்கள். காலை எட்டு மணிக்கு முன் கரையில் கூட்டம் குறைவு. துணியால் கூப்பிடுவதாக இருந்தால் நீலத்தில் பழக்குங்கள். தோப்பில் மாலையில் கொசு அதிகம், அதற்கும் ஏதாவது கொண்டுபோங்கள்.

அன்று நாங்கள் கரையை விட்டுக் கிளம்பும்போது மறுபடி வேட்டிகள் காற்றில் ஏறின. பவுனு நின்று பார்த்தாள். பெல்ட்டை அலை கொண்டுபோயிருந்தது, துணி பைக்குள் இருந்தது, என் இரண்டு கைகளிலும் சாமான்கள். அவள் வேட்டிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு என் பாதத்தின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டாள்.