எல்லோருக்கும் ஒரே டம்ளர்

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் எங்கள் வீடு. என் கணவர் வக்கீல். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் கூடத்தில் சர்வ சமயக் கூட்டம் நடத்துவார். கீதை, குர்ஆன், பைபிள் என்று ஆளுக்கு ஒன்றிலிருந்து பேசுவார்கள். தெய்வம் ஒன்றே என்று முடிப்பார்கள். பிறகு காப்பி வரும்.

காப்பி என் பொறுப்பு. பேச்சையெல்லாம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். மாமியார் உத்தரவுப்படி மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர். ஜவுளிக்கடை பாய்க்கும் கிறிஸ்தவ வாத்தியாருக்கும் கண்ணாடிக் கிளாஸ். குடித்ததும் அவர்கள் இருவரும் எழுந்து கொல்லைப் பக்கம் போய், கிணற்றடியில் கழுவிச் சுவர்மேல் கவிழ்த்துவிட்டு வருவார்கள். யாரும் அவர்களைக் கழுவச் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

ஒரு முறை பாய், தொழுகையில் பணக்காரனும் கூலிக்காரனும் தோளோடு தோள் நிற்பதைப் பற்றி அழகாகப் பேசினார். கைதட்டினார்கள். சற்று நேரத்தில், என் அப்பா வயதுள்ள அந்த மனிதர் கிணற்றடியில் குனிந்து கிளாஸ் கழுவுவதை ஜன்னல் வழியே பார்த்தேன்.

அடுத்த மாதம் எல்லாக் காப்பியையும் எவர்சில்வரில் ஊற்றினேன்.

"கிளாஸ் எங்க?" என்றார் மாமியார்.

"இனிமே கிளாஸ் கெடையாது அத்தை."

"ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா? அந்த டம்ளர்ல நாளைக்கு யாரு குடிக்கிறது?"

"நான் குடிக்கிறேன்."

தட்டை நானே கூடத்துக்கு எடுத்துப் போனேன். சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் உண்டு. கூட்டத்தில் அவர் பேச்சுதான் எப்போதும் நீளம். பாய் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதைக் கீழே வைத்தார்.

"வயிறு சரியில்லம்மா."

"போன மாசம் குடிச்ச அதே காப்பிதாங்க. டம்ளர்தான் மாறியிருக்கு."

அவர் எழுந்து போனார். பின்னாலேயே நாலைந்து பேர் போனார்கள். பாய் சங்கடத்தோடு டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கழுவி வச்சுடுறேம்மா."

"நீங்க உக்காருங்க பாய். என் வீட்டு டம்ளரை நான் கழுவிக்கிறேன்."

எல்லோரும் போன பிறகு கணவர் கேட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"



ஓய்வு பெற்றவர் தன் வீட்டிலேயே ஒரு கூட்டம் தொடங்கினார். போனவர்கள் எல்லோரும் ஒரே மதத்தவர்தான். ஆனாலும் அதற்கும் சர்வ சமயக் கூட்டம் என்றே பெயர். என் கணவருக்கு மனசு விட்டுப்போயிற்று. நிறுத்திவிடலாம் என்றார். யார் வராவிட்டாலும் நான் ஜமக்காளம் விரித்து வைப்பேன் என்றேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஜவுளிக்கடை பாய் தன் மனைவியோடு வந்தார். வாத்தியார், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த தன் தங்கையை அழைத்து வந்தார். அதுவரை எங்கள் கூட்டத்துக்குப் பெண்கள் வந்ததில்லை. நானும் கதவை விட்டு வெளியே வந்து அவர்களோடு உட்கார்ந்தேன்.

ஜவுளிக்கடைக்காரர் மனைவி தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார். "வருஷா வருஷம் ஒங்க சாமிக்குக் கல்யாணம் பண்றீங்களே, அது எதுக்குங்க?"

வாத்தியாரின் தங்கை சிரித்துவிட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். பிறகு நோன்பைப் பற்றி நான் கேட்டேன். அத்தனை மாதமாக அந்தக் கூடத்தில் பிரசங்கம்தான் நடந்தது. ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டது அன்றைக்குத்தான்.

மாமியார் தனக்குத் தனிப் பாத்திரம் வைத்துக்கொண்டார். நான் தடுக்கவுமில்லை, கெஞ்சவுமில்லை. தெருவில் என்னென்னவோ பேசினார்கள். ஒவ்வொரு மாதமும் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தே கூட்டத்தை நடத்தினோம்.