வாசற்படியைக் கும்பிட்டவர்

தி. நகரில் என் கடையை வாடகைக்கு எடுத்திருந்த பட்டுச்சேலை வியாபாரி அவர். இந்தக் கடையில் விற்பதில் நூற்றுக்கு எட்டு ரூபாய் எனக்கு, அதுதான் வாடகை. நெற்றி நிறையச் சந்தனம். உள்ளே நுழையும்போதும் கிளம்பும்போதும் குனிந்து வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

அடுத்த தெருவில் அவரே சொந்தக் கடை திறந்ததும், இங்கே பாதி அலமாரி காலியானது. ஒருநாள் நான் நிற்கும்போதே, கல்யாணச் சேலை கேட்டு வந்த குடும்பத்திடம், "நல்ல சரக்கெல்லாம் நம்ம அடுத்த தெரு கடைலதான் இருக்கும்மா, அங்க போங்க" என்றார்.

"இது நியாயமா சார்?" என்று கேட்டேன்.

"இங்கதான் விக்கணும்னு அக்ரிமென்ட்ல எங்க போட்டிருக்கு? கடையத் திறந்துதான சார் வெச்சிருக்கேன்!" என்று சிரித்தார்.

பிறகு அந்தக் குடும்பத்தின் பின்னாலேயே கிளம்பினார். வாசலில் நின்று, குனிந்து, படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து அந்தப் படியைக் கழுவிவிட்டேன்.