லிஃப்டில் நின்றபடி தூங்கிய மாப்பிள்ளை

போன சனிக்கிழமை மேடவாக்கத்தில் ஒரு லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே ஒருவர் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

கையில் தயிர் பாக்கெட். தலை கண்ணாடியில். சன்னமான குறட்டை வேறு.

யாரென்று பார்த்தால், எங்கள் வீட்டு மாப்பிள்ளை கார்த்திக். என் அக்கா மகள் நிவேதாவின் கணவர்.

(கிழக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறி, தண்ணீர் லாரிகளின் படைவரிசையைப் பிளந்துகொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் எழுந்தருளியிருந்தேன். எனக்குக் கிடைத்த வரவேற்பு இது.)

வாட்ச்மேன் ஓடி வந்தார். "அரை அவரா மேல போயினு கீழ வந்துனு கீறாரு சார். எழுப்பலாமா வேணாமான்னு ஒரே பேஜாரா பூட்ச்சு."

மாப்பிள்ளையைத் தாங்கிப் பிடித்து வீடு சேர்த்தேன். (இமயமலையை இடம் மாற்றியிருந்தால்கூட இவ்வளவு மூச்சு வாங்கியிருக்காது.)

நிவேதா காபி கொடுத்தாள். பால் இருந்தது, சர்க்கரை இருந்தது, டிகாக்ஷன் இல்லை. அப்படியே குடித்தேன். அவள் முகம் அப்படி இருந்தது.

"என்னம்மா நடக்குது இந்த வீட்ல?"

"யாழி தூங்க மாட்டேங்கறா மாமா. பாதி ராத்திரி வரைக்கும் ஆட்டம். அதுக்கப்புறமும் முழிச்சு முழிச்சு அழறா."

யாழினி அவர்கள் மகள், ஒன்றரை வயது. அப்போது என் மடியில் உட்கார்ந்து வாழைப்பழத்தை என் சட்டைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

நிவேதா குரலைத் தாழ்த்தினாள். "லிஃப்ட் பரவாயில்ல மாமா. புதன்கிழமை சிக்னல்ல, பைக் மேலயே தூங்கிட்டார். பின்னாடி இருந்த ஆட்டோக்காரர்தான் எழுப்பிவிட்டிருக்கார்."



அது சிக்னலாக இல்லாமல், ஓடுகிற வண்டியாக இருந்திருந்தால்?

நான் எதையும் ஒன்றுக்கு ஒன்பதாக்கிச் சொல்கிறவன், உங்களுக்கே தெரியும். இதைப் பெரிதாக்க எனக்கு வார்த்தை வரவில்லை. இருந்த அளவே போதுமானதாக இருந்தது.

பைக் சாவியை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் அடுத்த அதிர்ச்சி. வெயில் தாழ்ந்ததும் நிவேதா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்ட ஆரம்பித்தாள்.

"இந்நேரத்துல எதுக்கும்மா தூங்க வைக்கிற?"

"தினமும் இதான் மாமா. அவர் ஆபீஸ்லருந்து வர ஒன்பது ஆயிடும். அப்ப இவ முழிச்சிருக்கணும்ல? அதான் தூக்கத்தை இப்பவே ஸ்டாக் பண்ணிடறது."

(இருவரும் இன்ஜினியர்கள். சும்மா சொல்லிவைக்கிறேன்.)

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டோம். சாயங்காலத் தூக்கத்தை நிறுத்தணுமாம். தினமும் ஒரே நேரத்துல லைட்டைக் குறைச்சுப் படுக்கப் போடணுமாம். இவர்தான் ஒத்துக்க மாட்டேங்கறார்."

சோபாவில் கிடந்த மாப்பிள்ளை கண்ணைத் திறக்காமலே பேசினார். "அந்த ராத்திரி நேரத்தையும் விட்டா நான் அவளுக்கு யாரு மாமா? பேயிங் கெஸ்ட்டா?"

தாம்பரம் வட்டாரத்திலேயே பெரிய வாய் என்னுடையது. அதைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டேன்.

சோபா ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன். "காலையில அவளோட இருங்களேன் மாப்பிள்ளை."

"காலையில என்னால எழுந்திருக்கவே முடியாது மாமா."

"ராத்திரி தூங்கினா முடியும். ஒரு வாரம் குடுங்க. சாயங்கால டியூட்டி என்னுது."

மறுநாளிலிருந்து நான் தூக்கத்துக்கு எதிரான மாபெரும் போரின் தளபதி. கண் சொருகும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே போய், லாரியிலிருந்து சம்புத் தொட்டிக்குத் தண்ணீர் இறங்குவதைக் காட்டினேன். பாடினேன். ஆடினேன். வாட்ச்மேனையும் ஆடவைத்தேன்.

முதல் இரண்டு நாள் அவள் அழுத அழுகை பம்மல் வரை கேட்டிருக்கும். பிறகு எட்டு மணிக்கெல்லாம் தானாகச் சாய ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளை பஸ்ஸில் வந்து இறங்கி, ஷூவைக் கையில் பிடித்தபடி படுக்கையறை வாசலில் நிற்பார்.

"தொட்டுப் பாக்கக் கூடவா கூடாது?"

"கூடாது," என்பாள் நிவேதா.

சாப்பிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். யோசனை சொன்ன எனக்கே அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

இன்று விடிந்தும் விடியாமலும் தாம்பரத்தில் என் வீட்டுக்குப் போன். மாப்பிள்ளை.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா. நிவி தூங்கறா. நானும் யாழியும் பால்கனில உக்காந்திருக்கோம். இவ காலையில காக்காவைக் கூப்பிட்டுப் பேசறா மாமா. இவ்ளோ நாளா எனக்குத் தெரியவே தெரியாது."

"காக்காவை என்னன்னு கூப்பிடறா?"

"'ப்பா'ன்னு."

நான் சிரித்துவிட்டேன்.

"என்னையும் அப்படித்தான் கூப்பிடறா," என்றார். "அந்தக் காக்கா எனக்கு முன்னாடியே எழுந்து வந்துடுது. நாளைக்கு நான் முந்திக்கறேன்."

உங்கள் வீட்டுக் குழந்தையை ராத்திரி யாருக்காக விழிக்கவைத்திருக்கிறீர்கள்? கூச்சப்படாமல் கமெண்டில் சொல்லுங்கள்.