மருமகன் மொழிபெயர்க்காத கேள்வி

போன சனிக்கிழமை நாங்கள் இருக்கும் புறநகர் கார்ஜிலிருந்து நகரத்துத் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்கு ரயிலில் போனேன். வழியில் எங்குமே இறங்கவில்லை. இதுவும் ஒரு சாதனையா என்று சிரிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்...

சில மாதங்களாக எனக்கு அடங்காத தாகம். குடம் குடமாகக் குடிப்பேன். குடித்தது அப்படியே வெளியேறும். ரயிலில் கழிப்பறை ஏது? கோயில், மரக்கறிக் கடை, சிநேகிதிகள் — எல்லாவற்றையும் விட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

மகளுக்கு லீவு இல்லை. மருமகன்தான் டொக்டரிடம் கூட்டிப்போனார். பிரெஞ்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால், மாமியார் மருமகனிடம் எல்லாம் பேச முடியுமா? "தாகம்" என்று மட்டும் சொன்னேன். இரத்தம் சோதித்ததில் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இல்லை என்று தெரிந்தது. டொக்டர் அடுத்து ஏதோ கேட்டார். அதில் "பிப்பி" என்று ஒரு சொல். இந்த ஊர்ப் பிள்ளைகள் மூத்திரத்துக்குச் சொல்வது. பேரப்பிள்ளைகளை வளர்த்தவளுக்கு அந்தப் பிரெஞ்சு தெரியாதா?

மருமகன் சுவரைப் பார்த்தார்.

"இரவிலை நித்திரை வருதோ எண்டு கேக்கிறார், மாமி."

"வரேல்லை, தம்பி."

பொய்யில்லையே! விடிய விடிய எழும்பி ஓடுகிறவளுக்கு எப்படி வரும்? நித்திரைக் குளிசை எழுதித் தந்தார்கள். அதைப் போட்டுப் படுத்த பிறகு மெத்தைக்கு என்ன நடந்தது என்று இங்கே எழுத மாட்டேன்!

அடுத்த முறையும் அதே கேள்வி. மருமகன் மறுபடி சுவரைப் பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"தொக்தர்! பிப்பி! பொக்கு பிப்பி!"

நிறைய, நிறைய என்று கையையும் விரித்துக் காட்டினேன். மருமகனின் காது சிவந்தது. டொக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு ஆஸ்பத்திரி, பரிசோதனைகள், தலைக்கு ஸ்கேன்... முடிவை மருமகன்தான் சொன்னார்.

"மூளைக்குக் கீழை பிட்யூட்டரி எண்டு கடலையளவிலை ஒரு சுரப்பி இருக்காம், மாமி. 'தண்ணியைப் பிடிச்சு வை' எண்டு அதிலையிருந்துதான் ஒரு ஹோர்மோன் சிறுநீரகத்துக்குச் சேதி கொண்டு போறதாம். உங்களுக்கு அந்தச் சேதி போய்ச் சேரேல்லையாம்."

"இடையிலை நிண்டவர் சொல்லாமல் விட்டிட்டாரோ, தம்பி?"

அவர் சப்பாத்தைப் பார்த்தார்.

இப்போது அந்தச் சேதியை ஒரு சின்னக் குளிசை கொண்டுபோகிறது. உடம்பும் குடும்பம் மாதிரித்தான் — ஒருவர் வாயை மூடினால், இன்னொருவர் ஓட வேண்டியிருக்கிறது.

நான் வாராவாரம் பேப்பரில் எழுதும் இந்தப் பத்தியை மருமகன் தவறாமல் வாசிப்பவர். இந்த வாரம் பேப்பர் வரவில்லை என்று சொல்லப்போகிறேன்... மகளே, நீயும் அப்படியே சொல்லு!